முதுகில் ஏறும் சேறு

மழை விட்ட பாதையில் சைக்கிள் ஓட்டிப் போனவர் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகுத்தண்டு நெடுகக் கோடு இழுத்ததுபோல் சேறு படிந்திருக்கும். தண்ணீர் தேங்கியிருந்தது தரையில். சக்கரம் உருண்டதும் தரையில்தான். ஓட்டியவரோ மூன்றடி உயரத்தில் உட்கார்ந்திருந்தார். அதுவும் முன்னால் போய்க்கொண்டே இருந்தவர். சக்கரம் பின்னால் வாரியிறைத்த சேறு பின்னாலேயே அல்லவா விழ வேண்டும்? அது எப்படித் துரத்தி வந்து முதுகைப் பிடித்தது?

கரிசல் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கங்களில் ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டிப்பாதையில் சைக்கிளை இறக்கினால், கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சுற்ற மறுக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு இறுகி அடைத்திருக்கும். வேலிக் குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுப்பார்கள். பத்தடி உருட்டினால் மறுபடியும் அடைக்கும். கடைசியில் சைக்கிள் தோளில் ஏறிவிடும். ஆளைச் சுமக்க வந்த வண்டியை ஆள் சுமந்துகொண்டு போகும் காட்சி அந்தப் பக்கத்தில் புதிதல்ல. சேற்றிலிருந்து காப்பாற்றத்தான் மட்கார்டு. அதே மட்கார்டு சேற்றோடு சேர்ந்துகொண்டு வண்டியை நிறுத்துவது ஏன்?

இரண்டு கேள்விக்கும் விடை டயரின் தோலில் ஒட்டியிருக்கும் ஒரு சேற்றுத் துளியிடம் இருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து போனால், கரடுமுரடான பாதைக்கு மட்கார்டை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

கவண்கல்லும் டயர்த் துளியும்

சோளக்காட்டில் பறவை விரட்டுகிறவர் கவணைச் சுழற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கல் வட்டமாகச் சுற்றுகிறது. வாரின் ஒரு முனையை விட்டதும் கல் வட்டத்தில் தொடர்ந்து போவதில்லை. விட்ட கணத்தில் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் நேராகப் பாய்கிறது. வட்டத்தை ஓர் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்லும் அந்த நேர்க்கோட்டுக்குத் தொடுகோடு என்று பெயர். டயரிலிருந்து விடுபடும் துளியும் தொடுகோட்டில்தான் கிளம்புகிறது.

இப்போது பின்சக்கரத்தை ஓட்டுகிறவரின் பார்வையில் பாருங்கள். சக்கரத்தின் பின்பாதி எப்போதும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முன்பாதி இறங்கிக்கொண்டிருக்கிறது. தரையை விட்டு இப்போதுதான் எழும்பிய இடத்தில் துளி விடுபட்டால், அது பின்பக்கமாகப் போகும். அச்சின் மட்டத்துக்கு வந்தபின் விடுபட்டால் செங்குத்தாக மேலே போகும். அதற்கும் மேலே, சக்கரத்தின் உச்சிக்குப் போகும் வழியில் விடுபட்டால் மேல்நோக்கியும் முன்நோக்கியும் பாயும். அந்தப் பாதையில்தான் உங்கள் முதுகு இருக்கிறது.

வண்டி முன்னே போய்விடுமே என்ற சந்தேகத்துக்கு ஓடும் பேருந்து பதில் சொல்லும். பேருந்துக்குள் ஒரு காசைச் சுண்டிவிட்டால் அது உங்கள் கையிலேயே வந்து விழுகிறது, பின் இருக்கைக்குப் போவதில்லை. பேருந்தின் வேகம் காசுக்கும் உண்டு. அதுபோல், டயரில் ஒட்டியிருந்த துளிக்கும் வண்டியின் முன்னோட்டம் இருக்கிறது. அது வண்டியைத் துரத்தவில்லை. வண்டியோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. எதிர்க்காற்று பொடித் துளிகளைப் பின்னால் தள்ளிவிடும். கனமான துளிகளை அது அதிகம் அசைப்பதில்லை.

தரையில் நின்று பார்க்கிறவருக்கு இதே காட்சி வேறு மாதிரித் தெரியும். டயரின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கட்டி, சைக்கிளை மெல்ல உருட்டச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். துணி ஒரு வில்போல எழும்பி, முன்னால் சாய்ந்து, இறங்கி, தரையைத் தொடும் கணத்தில் அப்படியே நின்றுவிட்டு மறுபடி எழும். இந்த வளைவை ஆராய்ந்து அதற்குப் பெயரும் வைத்தவர் கலிலியோ. உருளும் சக்கரம் வரைவதால் நாம் உருள்வளைவு எனலாம். வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, தரையைத் தொடும் புள்ளியின் வேகம் பூஜ்யம். உச்சிப் புள்ளியின் வேகம் 40 கிலோமீட்டர். ஒரே டயர், ஒரே நேரம். எனக்கு இது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

எவ்வளவு உயரம் எழும்பும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்களில் பால்கேனும் புல்லுக்கட்டும் சுமக்கும் பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். டயரோடு சேர்த்து அதன் சக்கரத்தின் ஆரம், அதாவது அச்சிலிருந்து தரை வரை, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். சீட்டு தரையிலிருந்து 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அச்சு மட்டத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் துளி 39 சென்டிமீட்டர் எழும்பி, களைத்து, கீழே திரும்பும். அச்சின் உயரத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து 74 சென்டிமீட்டர். சீட்டின் அடிப்பக்கத்தைக்கூடத் தொடாது.

15 கிலோமீட்டராக்கினால் அதே துளி 88 சென்டிமீட்டர் எழும்பும், தரையிலிருந்து 123. இடுப்புக்கு மேலே, நடுமுதுகு. 20 கிலோமீட்டரில் அது 157 சென்டிமீட்டர் எழும்புகிறது, தரையிலிருந்து 192. உட்கார்ந்திருப்பவரின் தலையையே தாண்டிவிடும்.

வேகம் இரட்டித்தது, எழும்பும் உயரமோ நான்கு மடங்காயிற்று. முதுகுக் கோட்டின் ரகசியம் இதுதான். மணிக்கு 12 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்கு அநேகமாகக் கோடு விழாது. அதைத் தாண்டியதும் சேறு படிப்படியாக முதுகில் ஏறும். வெள்ளை வேட்டிக்காரர்கள் குட்டையைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்தி மெதுவாகக் கடப்பதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

இந்தக் கணக்கு மட்கார்டு எங்கே வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. உங்கள் முதுகு மட்டும்தான் கவலை என்றால், பின்சக்கரத்தில் அச்சு மட்டத்திலிருந்து உச்சி வரையிலான கால் வட்டத்தை மறைத்தால் போதும். அதற்குக் கீழே விடுபடுவது பின்னால் வருகிறவரின் முகத்துக்குப் போகும். கூட்டமாக ஓட்டுகிறவர்கள் மட்கார்டை இன்னும் கீழே நீட்டி, நுனியில் ரப்பர் மடலும் தொங்கவிட வேண்டியது அதனால்தான்.

முன்சக்கரத்தில் சங்கதி வேறு. உச்சிக்குச் சற்றுப் பின்னால் விடுபடும் துளிகள் மேலே எழும்பி முன்னால் போகும். காற்று அவற்றைத் தடுத்து வேகம் குறைத்ததும் நீங்கள் போய் முகத்தால் மோதுவீர்கள். ஏறும் பாதியின் அடியில் விடுபடுபவை பின்னோக்கிப் பாய்ந்து செருப்பு, பெடல், செயின் ஆகியவற்றில் விழும். மணல் கலந்த சேறு செயினில் ஏறினால், அது அரம்போல அதைத் தேய்த்துவிடும். ஆகவே முகத்தைவிட முக்கியம் முன்சக்கரத்தின் பின்கீழ்ப் பகுதி என்பேன். சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம், தேய்ந்த செயினை என்ன செய்வது?

பிடியும் உதறலும்

இதுவரை தண்ணீர்த் துளியைப் பற்றித்தான் பேசினோம். அது எளிதில் விடுபடும். சேறு அப்படியல்ல. அது டயரைப் பிடித்துக்கொண்டிருக்கப் பார்க்கும். சுழலும் டயர் அதை உதறப் பார்க்கும். இந்த இழுபறியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் கரடுமுரடுப் பாதையின் முழுக் கதை.

உதறலின் பலத்தை அளந்துவிடலாம். நம்முடைய 35 சென்டிமீட்டர் சக்கரம் 20 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது, டயரில் ஒட்டிய ஒரு சேற்று உருண்டையைப் பிடித்து வைத்திருக்க அதன் எடையைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு பிடிமானம் தேவை. அவ்வளவு பிடி இல்லாவிட்டால் பறந்துவிடும். 10 கிலோமீட்டரில் தேவைப்படுவது இரண்டு மடங்கும் சொச்சமும்தான். 5 கிலோமீட்டரில், அதாவது சைக்கிளை வேகநடையில் தள்ளிக்கொண்டு போகும்போது, எடையில் பாதியளவுதான். உதறல் என்று சொல்லவே தகுதியில்லாத அளவு.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொல்லாத வளையம் தெரியும். பாதை வழுக்குவதால் வேகத்தைக் குறைக்கிறீர்கள். வேகம் குறைந்ததும் டயர் சேற்றை உதறுவது அதைவிட அதிகமாகக் குறைகிறது. உதறாத சேறு டயரில் தங்குகிறது, மட்கார்டில் உரசுகிறது, வண்டியை இன்னும் மெதுவாக்குகிறது. இன்னும் மெதுவானால் இன்னும் ஒட்டுகிறது. இறங்கித் தள்ள ஆரம்பித்தால் நிலைமை சரியாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் அது கைமீறிப் போகிறது. கரிசல் பாதையில் ஓட்டும்வரை எப்படியோ ஓடிய சைக்கிள், இறங்கித் தள்ளிய சில நிமிடங்களில் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

அடைபட எவ்வளவு தூரம் ஆகும் என்றும் பார்க்கலாம். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சேறு மட்டும் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இருந்தால், நூறு சுற்றில், அதாவது 220 மீட்டர் தூரத்தில், அது நிரம்பிவிடும். ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

கரிசலின் பிடி எங்கிருந்து வருகிறது?

எல்லா மண்ணும் இப்படிப் பிடிப்பதில்லை. ஆற்று மணலில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் உதிர்ந்துவிடும். செம்மண் ஒட்டும், ஆனால் பெரும்பாலும் உதறினால் போகும். கரிசல் போவதில்லை.

காரணம் அதிலுள்ள களிமண்ணின் வகை. பிரான்சில் உள்ள மோன்மொரிலோன் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் மோன்மொரிலோனைட் குடும்பத்துக் களிமண் அது. அதன் துகள்கள் உருண்டைகள் அல்ல; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மிக மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகட்டின் தடிமனும் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுதான். தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்துகொள்ளும். அப்போது மண் ஊதும். வெயிலில் தண்ணீர் வெளியேறும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கரிசல் நிலத்தின் வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுருக்கத்தின் அளவு தெரியும்.

மெல்லிய தகடென்றால் பரப்பு அதிகம். தூய மோன்மொரிலோனைட்டில் ஒரு கிராம் எடுத்து அதன் தகடுகளையெல்லாம் பிரித்து, அவற்றின் இரு பக்கப் பரப்பையும் கூட்ட முடிந்தால், 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். மூன்று கிரவுண்டு மனைக்கு மேல்! கரிசலில் மணலும் வண்டலும் கலந்திருப்பதால் அதன் பரப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் ஒட்டுவதற்கு இடம் ஏராளம்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் களிமண்ணின் குணம் மாறுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல் இதை ஒழுங்காக வகுத்துக் காட்டினார். மிகக் குறைந்த ஈரத்தில் மண் பொடியாகும். ஈரம் ஏறினால் பிசைந்து உருட்டலாம் என்ற நிலைக்கு வரும். இன்னும் ஏறினால் கூழாகி ஓடும். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் அஸ்திவாரம் போடும் முன் அட்டர்பெர்க்கின் எல்லைகளைச் சோதிக்கிறார்கள். சைக்கிள்காரருக்கும் அவை உதவும். கொட்டும் மழையில் சேறு கூழாக இருக்கும். தெறிக்கும், ஆனால் அடைக்காது. நன்றாகக் காய்ந்தபின் தூசிதான். பொல்லாதது நடுவே இருக்கும் பிசையும் பருவம். மழை நின்று, வெயில் எட்டிப் பார்த்து, ‘பாதை காய்ந்துவிட்டது, போகலாம்’ என்று தோன்றும் அந்த மறுநாள்தான் மட்கார்டு அடைபடும் நாள்.

அமெரிக்காவில் ஒரு கரிசல்

1897 ஜூன் 14 அன்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள மிசூலா கோட்டையிலிருந்து ஒரு சைக்கிள் படை புறப்பட்டது. 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள். தலைமை ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் லெப்டினன்ட். குதிரைக்குப் பதில் சைக்கிள் ராணுவத்துக்கு உதவுமா என்று பார்ப்பதற்கான சோதனைப் பயணம். துப்பாக்கி, கூடாரத் துணி, சாப்பாடு எல்லாவற்றையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு செயின்ட் லூயிஸ் நகரம் வரை சுமார் 1,900 மைல், அதாவது 3,000 கிலோமீட்டருக்கு மேல், 41 நாளில் கடந்தார்கள். மலையேற்றத்தையும் வெயிலையும்போலவே அவர்களை வாட்டியது வழியிலிருந்த ‘கம்போ’ என்ற மண். மழை பெய்தால் அது டயரிலும் சட்டத்திலும் அப்பிக்கொண்டு சக்கரத்தை உருளவிடாது. சேற்றுக்குத் தப்ப ரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள்மேல் குலுங்கிக் குலுங்கிப் போன நாட்களும் உண்டு.

கம்போவும் கரிசலும் களிமண் சாதியில் உறவுக்காரர்கள். ஊதும் தகடுகள் இரண்டிலும் உண்டு. சோதனை வெற்றி பெற்றும் ராணுவம் சைக்கிளை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சிப்பாய்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயரும் வெகுகாலம் கிடைக்கவில்லை.

மட்கார்டையே தூக்கி எறிந்தவர்கள் பிறகு வந்தார்கள். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், டமல்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் 1970களில் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டு, செயின்கவர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு மண்பாதையில் மலையிலிருந்து இறங்கினார்கள். 1976இல் தொடங்கிய அவர்களுடைய ‘ரீபேக்’ பந்தயத்திலிருந்துதான் இன்றைய மலைச் சைக்கிள் வளர்ந்தது. இன்று கடையில் மட்கார்டு இல்லாமல் நிற்கும் ‘கியர் சைக்கிள்’களின் தோற்றத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. காய்ந்த மலைச்சரிவில் பந்தயம் விட்டவர்களுக்கு அது சரி. அடைமழைக் காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதே வடிவத்தை விற்பது சரியல்ல என்பது என் கருத்து.

இடைவெளியும் ஒரு பாகம்தான்

எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் ஒருமுறை, மட்கார்டை இன்னும் நெருக்கமாக வைத்தால் சேறு வராதே என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “உள்ள வராம தடுக்க முடியாது தம்பி. வந்தது வெளிய போக வழி இருக்கான்னு பாருங்க.” இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

தார்ச்சாலைக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். கரடுமுரடான பாதையில் அதை உச்சியில் குறைந்தது இரண்டு சென்டிமீட்டராக்க வேண்டும். டயரின் பள்ளங்களில் சிக்கி மேலே வரும் சரளைக்கல் இடிக்காமல் போக அவ்வளவு இடம் தேவை. பழைய சைக்கிளில் அகலமான கட்டை டயர் மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். டயர் பெரிதான அளவுக்கு இடைவெளி சுருங்கிப்போகும்.

இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அதற்கும் விலை உண்டு. தொடுகோட்டில் கிளம்பும் துளி, ஒரு சென்டிமீட்டர் தள்ளியுள்ள மட்கார்டைப் போய்ச் சேர எட்டரை சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு 12. சீட்டுக் கம்பியில் மாட்டும் உயரமான பிளாஸ்டிக் மட்கார்டு டயரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்தால், 28 சென்டிமீட்டருக்கு மேல். போகும் தூரம் கூடக்கூடத் துளிகள் பக்கவாட்டில் விரியும். அதனால்தான் உயர்ந்து நிற்கும் மட்கார்டு அகலமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. மோட்டோகிராஸ் பந்தய பைக்கின் முன் மட்கார்டு பறவையின் அலகுபோல உயரத்தில் நீண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் அன்றாடம் ஓட்டும் பைக்கில் அது டயரை ஒட்டியே இருக்கும். அழகுக்காகச் செய்த வித்தியாசம் அல்ல. சேறு அடைக்காமல் இருக்க உயர்த்தினார்கள், உயர்த்தியதால் நீட்டினார்கள்.

இடைவெளியின் அளவைவிட அதன் வடிவம் முக்கியம். டயர் எந்த வழியாக மட்கார்டுக்குள் நுழைகிறது? ஏறும் பாதியில், பின்பக்கக் கீழ்முனை வழியாக. உச்சியைத் தாண்டி முன்பக்க முனையில் வெளியேறுகிறது. நுழைகிற இடத்தில் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் இருந்தால், உள்ளே வந்த கல் ஆப்பு இறங்குவதுபோல் இறுகும். சக்கரம் சுற்றச்சுற்ற அது மேலும் இறுகும். நுழைவில் சற்று நெருக்கமாகவும் வெளியேறும் திசையில் விரிந்தும் இருந்தால், வாசலைக் கடந்த எதுவும் உள்ளே சிக்காமல் போய்விடும். ஆகவே கீழ்முனையில் ஒன்றரை, உச்சியில் இரண்டு, வெளியேறும் முனையில் இரண்டரை சென்டிமீட்டர் என்று படிப்படியாக விரியும்படி மட்கார்டுக் கம்பிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். சுண்டுவிரலை டயருக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு நெடுக நகர்த்தினால் போதும், அளவுகோல்கூட வேண்டாம். விரல் கீழிருந்து மேலே போகப்போகத் தாராளமாக நகர வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் பிசையும் பருவத்துக் கரிசலை எந்த இடைவெளியும் வெல்லாது. அந்தச் சில நாட்களுக்கு மட்கார்டைக் கழற்றிவிடுவதோ, சுற்றுவழியாக இருந்தாலும் தார்ச்சாலையில் போவதோதான் வழி.

குதிக்கும் சக்கரம், முறியும் தகடு

முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கல்லில் ஏறும்போது முன்சக்கரம் பத்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ சட்டத்தை நோக்கி எழும்பும். மட்கார்டைச் சட்டத்தோடு சேர்ந்த மேற்பகுதியில், போதிய உயரமில்லாமல் கட்டியிருந்தால், எழும்பும் டயர் நேராகப் போய் அதில் மோதும். சக்கரத்தோடு சேர்ந்து எழும்பும் கீழ்க்கால்களில், அவற்றை இணைக்கும் வளைவில் கட்டினால், டயரும் மட்கார்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும், இடைவெளி மாறாது. பிளாஸ்டிக் பட்டையை நான்கு இடத்தில் டை போட்டு இறுக்கும் சின்ன மட்கார்டுகள் அந்த வளைவில்தான் கட்டப்படுகின்றன.

அடுத்தது அதிர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு வளைவும் சிறியதாக இருந்தாலும், ஆயிரக்கணக்கில் சேரும்போது உலோகம் விரிசல் விட்டு முறிகிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள். கற்கள் நிறைந்த பாதையில் மட்கார்டின் நுனி ஓயாமல் ஆடுகிறது. கம்பி தாங்காமல் வெளியே நீண்டிருக்கும் பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம். அதில் கனமான மடலைத் தொங்கவிட்டால் இன்னும் ஆட்டம். விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையின் ஓரத்தில் தொடங்கும்.

இதைத் துரிதப்படுத்துவது பொருத்தும் கை. துளையும் துளையும் சேராவிட்டால் தகட்டை இழுத்து வளைத்து நட்டை முடுக்கிவிடுகிறோம். பார்க்க இறுக்கமாக இருக்கும். ஆனால் அந்தத் தகடு அன்று முதல் தன்னை நிமிர்த்திக்கொள்ள முண்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் அந்த முண்டலோடு சேர்ந்துகொள்ளும். நட்டைப் போடும் முன் தகடு தானாகவே தன் இடத்தில் உட்கார வேண்டும். சேராத இடத்தில் இழுக்காமல், இடைவெளிக்கு ஏற்ற வாசர்களை வைத்து நிரப்புங்கள். ரப்பர் வாசர் ஒன்று சேர்ந்தால் அதிர்வும் சத்தமும் குறையும். நைலான் வளையம் உள்ள நட்டு அதிர்வில் கழலாது. விலை சில ரூபாய்தான்.

ஒரு குச்சி போதும்

கடைசியாகச் சொல்வது மிகவும் அபாயமானது. காட்டுப்பாதையில் கிடக்கும் விரல் தடிமன் குச்சி ஒன்று முன்சக்கரத்தின் பின்பக்கம் டயரில் சிக்குகிறது. அந்தப் பாதி மேலே ஏறும் பாதி. குச்சி மேலே போகும், மட்கார்டுக் கம்பியில் மாட்டும், கம்பியோடு தகட்டையும் சேர்த்து மேலே இழுக்கும். தகடு மடிந்து ஃபோர்க்கின் கழுத்துக்கும் டயருக்கும் நடுவே திணிந்துகொள்ளும். முன்சக்கரம் ஒரு நொடிக்குள் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவரின் உடம்போ அதே வேகத்தில் தொடர்ந்து போய் ஹேண்டில்பாருக்கு மேலாக விழும். முகத்திலும் தோளிலும் விழும் அடி அது. பிரேக் பிடித்துத் தப்பிக்க நேரமே இருக்காது.

கம்பி எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. ஆகையால் முன் மட்கார்டுக் கம்பியின் முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பிடிப்பை வைக்கிறார்கள். சாதாரணக் குலுக்கலுக்கு அது அசையாது. குச்சி இழுக்கும் அளவுக்குப் பலமாக இழுபட்டால் பட்டென்று கழன்றுகொள்ளும். மட்கார்டு விலகிக் குச்சியை விட்டுவிடும். சக்கரம் தொடர்ந்து சுற்றும். வெளிநாட்டில் நல்ல மட்கார்டுகளோடு இது சேர்ந்தே வருகிறது. நம் பெரிய சைக்கிள்களில் கம்பியின் முனை நேராக அச்சு நட்டிலேயே முடுக்கப்பட்டிருக்கிறது. விட்டுக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

இந்த ஐப்பசிக்கு முன் உங்கள் வீட்டுச் சைக்கிளை, முக்கியமாகப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளை, சுவரில் சாய்த்து வைத்து முன்சக்கரத்தின் பின்னால் குனிந்து பாருங்கள். கம்பி கழலும் பிடிப்பில் இருக்கிறதா, முடுக்கிய நட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நட்டில்தான் இருக்கிறது, பாதையும் முள்ளும் குச்சியுமாகக் கிடக்கிறது என்றால், முன் மட்கார்டைக் கழற்றிப் பரணில் வையுங்கள்; முகத்தில் கொஞ்சம் சேறு தெறித்தால் கழுவிக்கொள்ளலாம்.